அக்காவுக்குச் சொல்லாத கடல் நாள்

கப்பல்காரர்கள் அதற்குக் கடல் நாள் என்று பெயர் வைத்திருந்தார்கள். கரை கிடையாது, துறைமுகம் கிடையாது, கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடும் வழிகாட்டி கிடையாது. காலையிலிருந்து இரவு வரை தின்ன வேண்டும், படுக்க வேண்டும், கடலைப் பார்க்க வேண்டும், திரும்பவும் தின்ன வேண்டும். சிசிலியை விட்டுப் பார்சலோனாவுக்குப் போகும் வழியில் மத்தியதரைக் கடல் எண்ணெய் ஊற்றினாற்போல அலுங்காமல் கிடந்தது. மேல்தளத்தில் வெள்ளைக்காரச் சனம் சாய்கதிரைகளில் வரிசையாகக் கிடந்து காசு கொடுத்துக் கறுத்துக்கொண்டிருந்தது. அந்த வரிசைக்கு நடுவே, சிட்னி கிரவீனிலிருந்து வந்த சிவாஜினி தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அழாதே, அழாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கிடந்தாள்.

அவளுடைய ஒரே அண்ணன் கௌரிசங்கர் முந்தின நாள் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். இன்றைக்குப் பின்னேரம் அங்கே பிரேதம் எடுக்கிறார்கள். அங்கே பின்னேரம் என்றால் கப்பலில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்துக் கதிரையில் கால் நீட்டியிருந்த அக்கா பவளத்துக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது.

சேதி சொன்னவன் பவளத்தின் மகன் கஜீவன்தான். மெல்பேர்னிலிருந்து விடியக் காலமை எடுத்தான். இரண்டு பேருக்கும் இணைய இணைப்பு எதற்கு, ஒன்று போதும் என்று சிவாஜினியின் போனுக்கு மட்டும்தான் கப்பலில் வாங்கியிருந்தார்கள். அந்தச் சிக்கனத்தை நினைத்து அவள் அன்றைக்குப் பலமுறை தன்னைத் திட்டிக்கொண்டாள். இல்லாவிட்டால் அக்காவே பார்த்து அறிந்திருப்பாள், இந்தப் பாவம் தன் தலையில் விழுந்திருக்காது.

"சித்தி, அம்மாக்குச் சொல்லாதேங்கோ, பிளீஸ். கீமோ முடிஞ்சு இப்பதான் ஆள் எழும்பித் திரியுறா. நடுக்கடலில விழுந்து புரண்டு அழுதா ஆர் பாக்கிறது? இறங்கிப் போகவும் ஏலாது. டூர் முடியட்டும். நோபல் பார்க் வீட்டுக்கு வந்த பிறகு நானே பக்கத்தில இருந்து சொல்லுறன்."

அவன் சொன்னதில் பிழை பிடிக்க இடமில்லை. அம்மாவுக்குச் சுகம் வரவேண்டும் என்று கப்பல் பயணத்துக்குப் பதிந்து, துணைக்குச் சித்தியையும் சேர்த்து அனுப்பினவன் அவன். சிவாஜினியும் "ஓம் தம்பி" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, கஜீவன் அனுப்பிய நேரலையைப் போட்டுப் பார்த்தாள். இப்போது எந்தச் செத்தவீட்டுக்கும் நேரலை உண்டல்லவா? கனடாவிலும் லண்டனிலும் சிட்னியிலும் கிடக்கிற சனம் வேறு எப்படி அழும்! படம் நின்று நின்று ஓடியது. அண்ணனின் முகம் ஒருமுறை வந்தது, உறைந்து நின்றது, பிறகு பந்தலும் சனமும் வந்தன. துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவி, கிரீம் பூசி வெளியே வந்தாள். பவளம் கட்டிலில் இருந்தபடி, "என்னடி, தண்ணித் தாங்கியையே குடிச்சு முடிச்சிட்டியோ?" என்று கேட்டுச் சிரித்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், சேதி சொல்வதுதான் சிவாஜினியின் தொழில் மாதிரி. சிட்னியில் பெண்டில் ஹில்லுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாகப் பராமரிப்பாளர் அவள். சம்பளம் குளிப்பாட்டவும் உடுப்பு மாற்றவும் ஊட்டிவிடவும்தான். ஆனால் தமிழ்க் கிழவர் ஒருவர் போய்ச் சேர்ந்தால், மேலாளர் வந்து அவள் தோளைத் தொடுவார். பிள்ளைகளுக்கு இவள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். "உடனே வாங்கோ, முகம் மாற முதல் வந்து பாருங்கோ" என்று எத்தனை பேரை வேலையிலிருந்தும் கலியாண வீட்டிலிருந்தும் இழுத்திருப்பாள்! வராமல் விட்டவர்கள் மாதக் கணக்கில் திரும்பி வந்து, கடைசியில் எப்படி இருந்தார், வாய் திறந்திருந்ததா, கண் மூடியிருந்ததா என்று அவளிடம் கேட்டு உயிரை எடுத்ததும் அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவள்தான் இப்போது வாயை மூடிக்கொண்டு வெயில் காய்கிறாள்.

பரீட்சை எழுதுகிறவளுக்குச் சொல்லாதே, வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சொல்லாதே, பயணத்தில் நிற்கிறவளுக்குச் சொல்லாதே. இந்தக் குடும்பங்களில் இது ஒரு சட்டம்போல. ஒளிக்கிறவர்கள் எல்லாரும் அன்பிலேதான் ஒளிக்கிறார்கள். அந்த அன்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போட!

"எடியே, போனை எடு. அண்ணைக்கு ஒரு படம் அனுப்புவம்." பவளம் எழும்பி உட்கார்ந்தாள். தலையில் முடி இப்போதுதான் குறுகுறுவென்று முளைத்து வந்தது. அதை மூடிக் கட்டியிருந்த ஊதா நிறத் துணியைச் சரிசெய்துகொண்டு, கடல் பின்னால் தெரியும்படி திரும்பினாள். அண்ணனுக்குப் படம் அனுப்பாமல் அவளுக்குப் பொழுது விடிவதில்லை. நோயில் கிடந்த மாதமெல்லாம் கௌரிசங்கர் ஒருநாள் தவறாமல் வைபரில் எடுத்து, சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டாய், சத்தி, வாந்தி எடுத்தியா என்று கேட்ட மனிதர். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல், அரசாங்கத்தைத் திட்டத் தொடங்கிவிடுவார்.

"என்ர போனில சார்ஜ் இல்லை அக்கா."

"அறுபது வீதம் எண்டு காட்டுதே, என்ர கண் குருடோ? தா இஞ்ச."

"இல்லை, நான் பிடிக்கிறன். இந்த இணைப்பில படம் போகாது, நீங்கள் கதையுங்கோ." போன் அக்காவின் கைக்குப் போனால் எல்லாம் அம்பலமாகிவிடும். குரல் பதியும் பொத்தானை அமர்த்தி நீட்டினாள்.

பவளம் தொண்டையைச் செருமினாள். "அண்ணை, இஞ்ச பாருங்கோ, சுத்திவரக் கடல். ஒரு காகம்கூட இல்லை. இவள் சிவா ஏதோ செத்தவீட்டுக்கு வந்தவள் மாதிரி மூஞ்சையை நீட்டிக்கொண்டு கிடக்கிறாள், கொஞ்சம் ஏசுங்கோ. எனக்கு நல்ல சுகம். நேற்று ஒரு கோப்பைச் சோறு முழுக்கச் சாப்பிட்டனான். அடுத்த வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்கு வாறன், நீங்கள் தேரடியில நிக்க வேணும், சரியோ?"

சிவாஜினியின் விரல் பொத்தானை விட்டது. பதிந்த குரல் அண்ணனின் போனுக்குப் போய்விட்டது. வேறு என்ன செய்வாள்? அக்கா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கொஞ்ச நேரத்தில் திரையில் அது பார்க்கப்பட்டதாகக் காட்டியது. பவளமும் எட்டிப் பார்த்தாள்.

"பாத்திட்டார்!" என்று பவளம் கை தட்டினாள். "பாத்தியே, அண்ணை பாத்திட்டார். போனும் கையுமாத்தான் இருக்கிறார் மனுசன்."

பார்த்தது கௌரிசங்கரின் மகன் கபிலன். தகப்பனின் போனுக்கு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். பந்தலுக்குள் நின்று பெரியமாமி பவளத்தின் குரலைக் கேட்டிருக்க வேண்டும். உடனேயே தன் போனிலிருந்து சிவாஜினிக்கு எழுதினான்: மாமி, பெரியமாமிக்கு இன்னும் சொல்லேல்லையோ? ஐயர் வந்திட்டார். கிரியை முடிய எடுத்திடுவம். ஒருக்கா முகத்தையாவது காட்டுங்கோ.

காட்டுங்கோ! காட்டினால் அக்கா விழுவாள். காட்டாவிட்டால் அக்கா அண்ணனின் முகத்தை இனி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. சிவாஜினி போனைக் கவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அக்காவின் உடம்பை நினைத்து மட்டும் அவள் பயப்படவில்லை. சொல்லும் அந்த நிமிடத்தை நினைத்துத்தான் அதிகம் பயந்தாள். ஊரார் வீட்டுச் சாவை வாய் நடுங்காமல் சொல்லிவிடலாம். அக்காவின் முகத்தைப் பார்த்து, அண்ணை செத்திட்டார் என்று எந்த வாயால் சொல்வது? இந்தப் பயத்துக்குக் கஜீவனின் பேச்சு நல்ல சாட்டாகப் போய்விட்டது.

"வா, சாப்பிடப் போவம். எனக்குப் பசிக்குது" என்றாள் பவளம். பசிக்குது என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம்! வேறொரு நாளாயிருந்தால் சிவாஜினி அதைக் கஜீவனுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பாள்.

மின்தூக்கியில் ஏறி மேலே போனார்கள். சாப்பாட்டு மண்டபம் என்றால் மண்டபம்தான், நாலு கலியாண வீட்டுச் சனம் கொள்ளும். அன்றைக்குப் பார்த்துக் கடலுணவு விருந்து வைத்திருந்தார்கள். இறால் ஒரு மலை, கணவாய் ஒரு மலை, நண்டுக் கால்கள் ஐஸுக்குள் குத்தி நின்றன. பவளம் பெரிய கோப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

சிவாஜினி வெறும் சோறும் அவித்த போஞ்சிக்காயும் எடுத்துக்கொண்டு யன்னலோரத்தில் வந்து உட்கார்ந்தாள். யோசித்து எடுக்கவில்லை. கை தானாகப் போனது. சிரிப்பை ஒளிக்கலாம், அழுகையை ஒளிக்கலாம், போனை ஒளிக்கலாம். கூடப் பிறந்தவனின் பிரேதம் வீட்டில் கிடக்கும்போது மீன், இறைச்சி என்று மச்சம் எதையும் வாயில் வைக்கிற பழக்கம் அவளுடைய கைக்கு இல்லை. கட்டிக் கொடுத்த பெண்ணுக்குச் சாவுத் துடக்கு எத்தனை நாள், எந்த நாளில் கழியும் என்றெல்லாம் கேட்டால் அவளுக்குச் சரியாகத் தெரியாது. இது அந்தக் கணக்கு அல்ல. வயிறு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பவளம் வந்து எதிரே உட்கார்ந்தாள். தங்கையின் கோப்பையைப் பார்த்தாள். "என்னடி இது? ஆசுபத்திரிச் சாப்பாடு?"

"இண்டைக்கு விரதம் அக்கா."

"என்ன விரதம்?"

"வெள்ளிக்கிழமையெல்லோ."

பவளம் ஒரு இறாலை எடுத்தாள். அதன் கோதை உரித்தாள். அதைத் தின்னாமல் கோப்பையின் ஓரத்தில் வைத்தாள். அந்தக் கப்பலில் மின்தூக்கிக்குள் விரித்த கம்பளத்தை நாளுக்கு நாள் மாற்றுவார்கள். கிழமை தெரியாமல் சனம் தடுமாறக் கூடாது என்று அதில் அன்றைய நாளின் பெயரைக் கொட்டையெழுத்தில் நெய்து வைத்திருப்பார்கள்.

"லிஃப்டில வியாழன் எண்டெல்லோ கிடந்தது" என்றாள் பவளம். "நான் அதுக்கு மேலதானே நிண்டனான்."

சிவாஜினி சோற்றைப் பிசைந்தாள்.

"என்னைப் பார். காலமையில இருந்து உன்ர முகம் சரியில்லை. இறாலைக் கண்டா பறக்கிறவள் நீ, இண்டைக்குப் போஞ்சி தின்னுறாய். சாமி படத்தை வைச்சுத் தேவாரம் பாடக் கூப்பிட்டன், தலையிடி எண்டாய். எங்கட ஆக்களில ஆரோ போயிட்டினம். ஆர்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. விசர்க் கதை கதையாதேங்கோ."

"அண்ணை இல்லை. அண்ணை இப்பதான் என்ர மெசேஜைப் பாத்தவர். மச்சாளோ? சொல்லு. மச்சாளுக்குத்தான் பிறஷர்." பவளம் அண்ணனின் மனைவியைத்தான் சொன்னாள். கழுத்தில் அந்த நோய் விட்டுப்போன தழும்புக்கு மேல் நரம்பு துடித்தது. "என்ர பிள்ளையளில ஆருக்கும்..."

"ஐயோ இல்லை! கடவுளே, அப்பிடி ஒண்டும் இல்லை!"

"அப்ப இதைத் தின்." உரித்த இறாலை எடுத்துத் தங்கையின் சோற்றுக்கு மேல் வைத்தாள். "தின். திண்டால் நம்புறன்."

சிவாஜினி அதைப் பார்த்தாள். வெளுத்து, வளைந்து, சின்ன விரல் மாதிரி கிடந்தது. தின்றால் ஒளித்தது ஒளித்ததுதான். தின்னாவிட்டால் இந்த மேசையில், இத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில் அக்கா தலையில் அடித்துக்கொண்டு குழறப் போகிறாள். கஜீவன் என்னிடம்தானே அம்மாவை ஒப்படைத்தான், என்று நினைத்தாள். அண்ணை, என்னை மன்னியுங்கோ, என்றும் நினைத்தாள். எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். ரப்பரை மெல்வது போலிருந்தது. விழுங்கினாள்.

பவளம் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறால் இறங்கினதும் கதிரையில் சாய்ந்து, நெஞ்சில் கையை வைத்துப் பெரிய மூச்சு ஒன்று விட்டாள். "அப்பாடா. என்ர ஆவி திரும்பி வந்தது. சனியன், பயப்படுத்திப் போட்டாய்." பிறகு சாப்பிடத் தொடங்கினாள். அதைப் பார்க்க யாருக்கும் சந்தோஷம் வந்திருக்கும். கணவாயும் இறாலும் சோறும் என்று, நோய்க்கு முந்திய பவளம் போல, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள்.

"உனக்கொண்டு சொல்லவோ?" என்றாள், வாயில் சோற்றுடன். "எனக்கு வந்தது கேன்சர் எண்டதை ரெண்டு கிழமை என்ர பிள்ளையள் ஒளிச்சவங்கள். கட்டி எண்டாங்கள், கிருமி எண்டாங்கள். நீதான் சிட்னியில இருந்து பிளேன் ஏறி வந்து, என்ர கையைப் பிடிச்சுச் சொன்னனீ. அதுக்குப் பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. சிவா சொல்லுவாள், அவள் எனக்கு ஒளிக்க மாட்டாள் எண்டு அண்ணைக்கும் சொன்னனான்."

சிவாஜினி எழும்பினாள். "கை கழுவிட்டு வாறன்." கழிப்பறைக்கு ஓடி, கதவைப் பூட்டக்கூட நேரமில்லாமல் குனிந்து எல்லாவற்றையும் கக்கினாள். இறாலும் போஞ்சியும் காலையிலிருந்து விழுங்கி வைத்த அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. போனில் கபிலனின் செய்தி நின்றது: மாமி, எடுக்கப் போறம்.

அந்தச் செய்தி வந்து எவ்வளவு நேரமோ தெரியாது. பார்க்கவும் நேரமில்லை. இனி விழுந்தால் விழட்டும், தூக்குவதற்கு நான் இருக்கிறேன் என்று அவள் மேசைகளுக்கு இடையில் ஓடினாள். ஒரு பரிசாரகன் கோப்பைகளோடு ஒதுங்கி நின்றான். அக்காவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேரலையைத் திறந்து, போனை அவள் எச்சில் கையிலேயே வைத்தாள். "அக்கா, இதைப் பாருங்கோ. கெதியாப் பாருங்கோ."

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நடுக்கடலில் கப்பல்காரன் விற்ற இணைப்பு வேறு எப்படி இருக்கும்! கடைசியில் படம் வந்தது. பந்தல், கவிழ்த்த கதிரைகள், நிலமெல்லாம் பூ. பெண்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பவளத்துக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. பிரேதம் போன பிறகுதான் வீடு கழுவுவார்கள். "எங்கட வீடு" என்றாள் மெல்ல. "எங்கட வீடெல்லோ இது. செத்தவீடோ? ஆர்? மச்சாளோ... இல்லை, மச்சாள் அந்தா தூணோட இருக்கிறா. ஆரடி?" திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "அண்ணையைக் காணேல்லை. சுடலைக்குப் போயிருப்பார். அவர் முன்னுக்கு நிக்காமல் எங்கட பக்கத்தில ஆரைத் தூக்கினவை? கபிலனுக்கு எடு, அண்ணையோட கதைப்பம். ஆர் செத்ததெண்டு அவரிட்டக் கேப்பம்."

"அக்கா."

"எடு எண்டுறன்."

"அண்ணையைத்தான் அக்கா கொண்டு போயிட்டினம்."

பவளம் விழவில்லை. குழறவுமில்லை. போனை மேசையில் வைத்தாள். கடுதாசித் துவாயை எடுத்து ஒவ்வொரு விரலாகக் கையைத் துடைத்தாள். வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். சிவாஜினி அந்தக் கையைப் பிடிக்கப் போனாள், பவளம் அதை இழுத்துக்கொண்டாள்.

"நீ முகம் பாத்தனியோ?"

"ஓம்."

"எப்ப?"

"காலமை. குளியலறைக்குள்ள இருந்து."

"எப்பிடிக் கிடந்தவர்? சொல்லு. ஒண்டும் விடாமல் சொல்லு."

சிவாஜினி சொன்னாள். பட்டு வேட்டி, சால்வை. நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனம். வாய் மூடியிருந்தது. நித்திரைபோலத்தான் இருந்தது. நன்றாகச் சவரம் எடுத்து, தலையை எண்ணெய் வைத்து இடப்பக்கம் வகிடு பிரித்து வடிவாக இழுத்துவிட்டிருந்தார்கள்.

"இடப்பக்கமோ?"

"ஓம் அக்கா. நெத்திக்கு மேல ஒரு கோடு தெரிஞ்சது. படம் பழுதாக்கும் எண்டு நினைச்சனான்."

"அது கோடில்லை, ஆமிக்காரன் அடிச்ச தழும்பு." பவளம் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "உனக்குத் தெரியாது, நீ அப்ப சின்னன். அந்தக் காயம் ஆறும் மட்டும் மருந்து கட்டினது நான். ஆறின பிறகு, வெளியில தெரிய வெக்கமா இருக்கெண்டு அழுதவர். வலப்பக்கம் வகிடு எடுத்து அதை மூடி இழுத்துக் காட்டினதும் நான்தான். அண்டையில இருந்து ஒரு சனத்துக்கும் அதைக் காட்டேல்லை. கலியாணத்துக்குக்கூட அப்பிடித்தான் இழுத்தவர்."

சிவாஜினி மேசையில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"மச்சாள் மயங்கிக் கிடந்திருப்பா. கபிலனுக்கு என்ன தெரியும்? ஊர்ச்சனம் எல்லாம் பாக்க அப்பிடியே கிடந்திருக்கிறார்." பவளம் இப்போதுதான் அழத் தொடங்கினாள். "நான் பாத்திருந்தால் அந்த நேரமே சொல்லியிருப்பன், சிவா. வகிட்டை மாத்தித் தலையை இழுங்கோ எண்டு ஒரு சொல்லுத்தானே."